கரட்டடி அண்ணன்

என் ஆட்டோவில் ஏறுவதற்கு முன்னால் அவர் குனிந்து சீட்டுக்கு அடியில் பார்ப்பார். பாம்பு ஏதாவது இருக்கிறதா என்று. பெட்ரோல் பங்கில், பட்டப்பகலில், நான் அப்போதுதான் கழுவித் துடைத்து நிறுத்திய வண்டியாக இருந்தாலும் பார்க்காமல் ஏறமாட்டார். ஏறி உட்கார்ந்ததும் கைக்குட்டையை எடுத்து மைக்கின் கழுத்தில் சுற்றுவார். எந்த ஊரிலோ யாருக்கோ மைக் பிடித்தபோது கரண்ட் அடித்துவிட்டதாம். "இது பேட்டரிங்ணா, எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது" என்று நானும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். தலையை ஆட்டுவார், கைக்குட்டையை எடுக்கமாட்டார்.

அதற்குப் பிறகு வாயைத் திறப்பார். "பெரியோர்களே, தாய்மார்களே" என்று அவர் ஆரம்பித்தால், தெரு முழுக்க ஓடும் விசைத்தறிச் சத்தத்தைத் தாண்டிக்கொண்டு அந்தக் குரல் போகும். சமையல்கட்டில் இருப்பவள் கரண்டியோடு வாசலுக்கு வருவாள். டீக்கடை முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பவர்கள், யாரோ பெரிய மனிதர் வந்துவிட்டார் என்று வேட்டியை இறக்கிவிடுவார்கள். ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தால், ஒட்டடைக்குச்சி மாதிரி ஒரு மனிதர் முழங்கால் இரண்டையும் சேர்த்துவைத்துக்கொண்டு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார். அப்பேர்ப்பட்ட குரலைக் கொண்டுபோய் இப்பேர்ப்பட்ட ஆளிடம் கொடுத்தது யார் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

நான் சங்ககிரிக்குப் பக்கத்தில் மைக் செட் கடை நடத்துகிறேன். என் வீட்டுக்காரர் ரிக் வண்டியில் இருக்கிறார். வடக்கே ஏதாவது ஒரு மாநிலத்தில் போர்வெல் போட்டுக்கொண்டிருப்பார், மழைக்காலம் வந்தால்தான் ஊருக்கு வருவார். அதனால் கடையும் என் பாடு, ஆட்டோவும் என் பாடு. முன்னால் நான் ஓட்டுவேன், பின்னால் உட்கார்ந்து அந்த அண்ணன் மைக்கில் பேசுவார். கண்ணாடியில் எனக்கு அவருடைய தொண்டை முடிச்சு ஏறி இறங்குவது மட்டும் தெரியும். எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு கரடு இருக்கிறது. மொட்டைப் பாறையும் முள்ளும் கொஞ்சம் ஊஞ்சமரமுமாக ஒரு சின்ன மலை. அதன் அடிவாரத்தில் புறம்போக்கில் வீடு கட்டிக் குடியிருந்ததால் அவரைக் கரட்டடி அண்ணன் என்றுதான் சொல்வோம்.

அவருடைய வாயில் ஓயாமல் வருகிற வார்த்தை ஒன்று உண்டு. "ஒண்ணும் ஆயிராதுங்களே அம்மிணி?" லாரி ஒன்று எங்களை முந்திப் போனால் கேட்பார். ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை என்றால் கேட்பார். வானம் கறுத்தாலும் கேட்பார், வெளுத்தாலும் கேட்பார். "ஆச்சுன்னா மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவேன்" என்று நான் வம்புக்கு இழுப்பேன். அவர் அதையும் நிஜமாக எடுத்துக்கொண்டு, "சொல்லீருங்க அம்மிணி, மறைச்சுப்போடாதீங்க" என்பார்.

ஒரு தேர்தலில் அவர் ஒரு வேட்பாளருக்காகத் தொண்டை கிழியக் கத்தினார். அந்த ஆள் தோற்றுப்போனார். தன் குரல் சரியில்லை என்று அடிக்க வருவாரோ என்று பயந்து கரட்டடி அண்ணன் ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை. ஜெயித்தவர் நன்றி சொல்லிக்கொண்டு ஊர்வலம் வந்தபோது, வழியில் இவரைப் பார்த்து வழக்கம்போலக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான், காய்ச்சலே வந்துவிட்டது. "ஜெயிச்ச மனுசன் என்னய எதுக்குங்க கும்புடோணும்? என்னமோ இருக்குதுங்க அம்மிணி" என்று என்னிடம் வந்து புலம்பினார். நான் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்திருந்த ஆள் பயந்துபோனார்.

அவர் மனைவிக்குக் காது மந்தம். ஊர் முழுக்கக் கேட்கிற குரல் அந்த அம்மாவுக்கு மட்டும் கேட்காது. கரட்டில் ஆடு மேய்ப்பவர். பாறையில் வழுக்கி விழுந்து கை உடைந்தபோதுகூட கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாளே ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார். "பயப்படறதெல்லாம் இவரே பயந்துக்கறாருங்க. எனக்கு மிச்சம் வெக்கறதே இல்ல" என்று சொல்லுவார். அண்ணன் அதைக் கேட்டுப் பெருமையாகச் சிரிப்பார்.

அவருக்கு இரண்டு குரல்கள் இருந்தன. கோயில் நோம்பி, கூட்டம், துணிக்கடை திறப்பு எல்லாவற்றுக்கும் ஒன்று. இன்னொன்று கேதத்துக்கு. எங்கள் பக்கம் இப்போது கேதம் சொல்வதும் ஆட்டோ மைக்கில்தான். இன்னாருடைய தகப்பனார் இயற்கை எய்திவிட்டார், அடக்கம் இத்தனை மணிக்கு என்று சொல்லிக்கொண்டு போகவேண்டும். அதற்கு அவர் வார்த்தைகளுக்கு நடுவே மூச்சு விட்டு, கடைசி எழுத்தை இழுத்து இறக்குவார். வார்த்தை கேட்கவே வேண்டாம், அந்த இழுவையைக் கேட்டதும் தெரு தறியை நிறுத்திவிடும். ஒரு வீட்டில் நிற்கும், அடுத்த வீட்டில் நிற்கும், அப்படியே தெருக்கோடிவரை சத்தம் அணைந்துகொண்டே போகும். யார் செத்தது என்பது அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளும் விஷயம்.

இந்த நிலையில்தான் பாரம்பரியப் பட்டியல் என்ற பேச்சு வந்தது. சங்ககிரி தொடங்கி ராசிபுரம் பக்கம்வரைக்கும் உள்ள கரடுகள், ஏரிகள், மலைக்கோட்டைகள், மேய்ச்சல் நிலம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கப்போகிறார்கள் என்றார்கள். யார் அறிவிப்பது, எப்போது, எந்த எல்லைவரை என்று யாருக்கும் தெரியாது. வரைபடம் ஒன்று இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். பார்த்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் அதற்குள் ஊர் இரண்டாகிவிட்டது.

வேண்டும் என்றவர்கள் ஒரு கட்சியோடு சேர்ந்தார்கள். கரடு இருப்பதால்தான் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது, இப்போதே பாதிக் கரட்டைக் குவாரிக்காரன் தின்றுவிட்டான், பட்டியலில் சேர்த்தால்தான் மிச்சம் தப்பும் என்றார்கள். வேண்டாம் என்றவர்கள் இன்னொரு கட்சியோடு சேர்ந்தார்கள். பட்டியலில் ஏறிவிட்டால் வீடு கட்ட முடியாது, போர் போட முடியாது, ஆடு மேய்க்க முடியாது, கல் உடைக்கிற கிரஷரை மூடிவிட்டால் டிரைவர்கள் எல்லாம் எங்கே போவார்கள் என்றார்கள். என்னைக் கேட்டால் இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருந்தது. அதுதான் கொடுமையே.

இரண்டு பக்கமும் என் ஆட்டோவைத்தான் கூப்பிட்டார்கள், வேறு ஆட்டோ எங்கே இருக்கிறது? காலையில் ஒரு பேனர், சாயங்காலம் ஒரு பேனர். பேனர் மாறும், கட்டுகிற கயிறு ஒன்றுதான். காலையில் கரட்டடி அண்ணன் பேசுவார். "வெடி வைத்து வெடி வைத்து உங்கள் வீட்டுச் சுவர் பிளந்துகொண்டிருக்கிறது. நாளை கூரை உங்கள் குழந்தைகள் தலையில் விழும்போது யாரிடம் போவீர்கள்?" சாயங்காலம் அதே வாய். "தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த வீட்டைக் காலி செய் என்று நோட்டீஸ் வரும்போது யாரிடம் போவீர்கள்?" எழுதிக் கொடுத்ததை வாசிப்பதுதான் அவர் வேலை. ஆனால் அவர் வாசிக்கிறபோதே அதை நம்பினார். தெருவில் இருப்பவர்கள் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார்கள். மொத்தத்தையும் உள்ளே வாங்கிக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

சும்மாவும் சொல்லக்கூடாது. இரண்டுமே அவர் வீட்டைப் பற்றித்தான். குவாரி வெடியில் அவர் வீட்டுப் பின்சுவர் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டிருந்தது. வீடு இருந்ததோ புறம்போக்கில், கரட்டின் காலடியில். பட்டியல் வந்தால் முதலில் போகிற வீடும் அதுதான், வராவிட்டால் முதலில் இடிகிற வீடும் அதுதான். "காத்தால ஒரு பக்கமாப் பயமா இருக்குதுங்க, பொழுதானா இன்னொரு பக்கமாப் பயமா இருக்குதுங்க. தூங்கறதுக்குத் திரும்பிப் படுக்க ஒரு பக்கம் இல்லீங்க அம்மிணி" என்றார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கே போனாலும் அவர் தன் கேள்வியைக் கேட்டுப் பார்த்தார். மேடை ஏறப்போன தலைவர் ஒருவரின் முழங்கையைத் தொட்டு, கரட்டடி வீடுகளுக்கு ஒன்றும் ஆகிவிடாதே என்று கேட்டார். "நாங்க இருக்கோம், எதுக்குப் பயம்?" என்று தோளில் தட்டிவிட்டு அவர் மேலே ஏறினார். இன்னொரு நாள் எதிர்ப்பக்கத் தலைவரைக் கேட்டார். "நாங்க இருக்கறவரைக்கும் ஒரு செங்கல்லைத் தொட விடமாட்டோம்" என்றார் அவர். கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தபோது, மைக் சரிபார்க்கிற சாக்கில் அதிகாரி பக்கத்தில் போய் நின்றுகொண்டு கேட்டார். "இன்னும் எதுவும் முடிவாகல. முடிவானா முறைப்படி தெரிவிப்போம்" என்றார் அதிகாரி, நல்ல விதமாகவே. திரும்பி வந்து ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை. "முறைப்படி தெரிவிப்பாங்களாமுங்க" என்றார். நோய் முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்னதுபோல அதைச் சொன்னார்.

அப்புறம்தான் அந்த மஞ்சள் குறி. ஒரு நாள் காலையில் ஆட்டை அவிழ்க்கப் போன அவர் மனைவி, வீட்டுக்குப் பின்னால் இருந்த பாறையில் மஞ்சள் பெயிண்ட்டில் ஒரு வட்டமும் நடுவில் ஒரு எண்ணும் இருப்பதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். மேலே பார்த்தால் பாறைக்குப் பாறை அதே குறி. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மஞ்சள் பெயிண்ட் என்றால் என்ன என்று தெரியும். கோயமுத்தூர் ரோட்டை நாலு வழிச்சாலை ஆக்கியபோது இப்படித்தான் சுவரில் முதலில் பெயிண்ட் வந்தது, பிறகு பொக்லைன் வந்தது. இது பட்டியல்காரர்கள் போட்டதா, குவாரிக்காரர்கள் போட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை. நானும் போய் என் கடைச் சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். என் கடை அந்தக் கரட்டிலிருந்து ஒன்றும் அதிக தூரமில்லை.

அன்று பஞ்சாயத்து வேலையாக எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பாரம்பரியப் பட்டியல் பற்றி முடிவெடுக்க ஞாயிற்றுக்கிழமை சிறப்பு கிராமசபை, எல்லோரும் வரவேண்டும் என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான் செய்தி. கரட்டடி அண்ணன் வந்து ஏறினார். சீட்டுக்கு அடியில் பார்க்கவில்லை. கைக்குட்டையும் இல்லை. நான் வண்டியை எடுத்தேன்.

"பெரியோர்களே" என்று ஆரம்பித்தார். கேதக் குரல். மூச்சு விட்டு, கடைசி எழுத்தை இழுத்து இறக்குகிறார். கிராமசபை, ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி எல்லாம் அந்தக் குரலில்தான் வந்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, அன்றைக்கு அவரிடம் வேறு குரல் இல்லை. "அண்ணா, அண்ணா" என்று திரும்பிக் கூப்பிட்டேன். காதில் வாங்கவில்லை. எழுதிக் கொடுத்தது முடிந்ததும் சொந்தமாக ஆரம்பித்தார். "கரட்டடியில் இருக்கற ஊடுகளுக்குக் குறி போட்டாச்சுங்க. பாறைக்கெல்லாம் குறி போட்டாச்சுங்க."

தறிகள் நின்றன. முதல் தெருவில் ஒன்று, இரண்டு என்று நின்று, பிறகு சேர்ந்தாற்போல மொத்தமும் நின்றது. சாவு என்று நினைத்துத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆண்கள் வெளியே வந்தார்கள். பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்கள். யார் போனது என்று கேட்டார்கள். யாரும் போகவில்லை, வீடுகளுக்குக் குறி போட்டாயிற்று என்றதும், சாவு வீட்டுக்குப் புறப்பட்ட கூட்டம் அப்படியே கரட்டுப் பக்கம் திரும்பியது. லாரி ஸ்டாண்டில் இருந்த டிரைவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் ஆட்டோவைத் திருப்பவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல் கூட்டத்தோடு போனேன்.

கரட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு பெண்ணும் ஒரு பையனும், ஏதோ கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள். அந்தப் பெண்ணின் கையில் பெயிண்ட் டப்பா. கூட்டத்தைப் பார்த்ததும் அவள் டப்பாவைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். யாரோ அவர்களுடைய பைக் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். "யாரைக் கேட்டுக் குறி போட்டீங்க?" "எந்தக் கட்சி?" "போனைக் குடு மொதல்ல." எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் யாருக்குப் பதில் சொல்வது? அந்தப் பையன் என்னவோ சொல்ல வாயெடுத்தான், ஒருவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டான். எனக்குத் தெரிந்த, தினமும் என் கடைக்கு வந்து பேட்டரி சார்ஜ் போடுகிற ஒரு ஆள், குனிந்து ஒரு கல்லை எடுத்தார். நல்ல மனிதர் அவர். அதனால்தான் நான் பயந்தேன்.

பின்சீட்டிலிருந்து கரட்டடி அண்ணன் இறங்கினார். கையில் மைக் இருந்தது. அவர் நடக்க நடக்க ஒயர் இழுபட்டது. அறுந்துவிடப் போகிறதே என்று நான் ஆட்டோவை முதல் கியரில் போட்டு அவர் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனேன். வேறு நாளாக இருந்தால் பார்க்கச் சிரிப்பாக இருந்திருக்கும். கூட்டம் அவருக்கு வழி விட்டது. அவர் நேராக அந்தப் பெண்ணிடம் போனார்.

"அம்மிணி, இந்தக் குறி எதுக்குங்க? எங்க ஊடு போயிருங்களா?"

மைக் ஆன் ஆகித்தான் இருந்தது. அந்தக் கேள்வி கரட்டில் மோதித் திரும்பி வந்தது.

"எனக்குத் தெரியாதுங்க ஐயா" என்றாள் அந்தப் பெண். அதுவும் ஆட்டோ மேலிருந்த ஸ்பீக்கர் குழாயில் கேட்டது. "ஒவ்வொரு பாறைக்கும் நம்பர் போட்டு, என்ன செடி இருக்கு, பழைய கீறல் எழுத்து ஏதாவது இருக்கான்னு எழுதிட்டு வரச் சொன்னாங்க. அதை வெச்சு மேல என்ன செய்வாங்கன்னு எங்களுக்கு யாரும் சொல்லலைங்க."

"நெசமாலுமே தெரியாதுங்களா?"

"தெரியாதுங்க."

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். அப்போது வந்த குரலை நான் அதற்கு முன் மைக்கில் கேட்டதில்லை. வீட்டில் மனைவி காதுக்குக் கேட்காமல் தனக்குத்தானே பேசிக்கொள்கிற குரல், சின்னதாக, கம்மிப்போய். "இத்தன பேர்த்தக் கேட்டனுங்க. அல்லாரும் நாங்க இருக்கோம் நாங்க இருக்கோம்னாங்க. இந்தப் புள்ள ஒண்ணுதான் தெரியாதுன்னு நெசத்தச் சொல்லுது. எனக்கு நெம்பப் பயமா இருக்குதுங்க. இந்தப் புள்ளைக்கும் பயமா இருக்குது, கை நடுங்குது பாருங்க. கல்லைக் கீழ போட்ருங்க சாமி. அதப் பாத்தா எனக்கு இன்னும் பயமாகுதுங்க."

அந்த ஊரில் எல்லோரும் பயந்துபோய்த்தான் வந்திருந்தார்கள், அதை வாய்விட்டுச் சொன்ன ஆள் அவர் ஒருவர்தான். பேட்டரிக்காரர் கல்லைப் போட்டார். யாரோ பைக் சாவியைக் கொண்டுவந்து அந்தப் பையன் கையில் வைத்தார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டே போய் ரோட்டில் ஏறியபிறகுதான் ஸ்டார்ட் செய்தார்கள். இது கதையாக இருந்தால் இங்கேயே முடித்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை கிராமசபையில் இரண்டு தீர்மானம் வைத்தார்கள். பட்டியலில் சேர்க்கவேண்டும் என்று ஒன்று, சேர்க்கக்கூடாது என்று ஒன்று. கரட்டடி அண்ணன் இரண்டுக்கும் கை தூக்கினார். "ஏனுங்க, ஒரு கையத் தூக்கினா இன்னொரு தடவ தூக்கக்கூடாதுங்க" என்று பஞ்சாயத்துத் தலைவர் சத்தம் போட, கூட்டம் சிரித்தது. எதற்கு அப்படிச் செய்தீர்கள் என்று வெளியே வந்து கேட்டேன். "ரண்டு தடவையும் என்னயத்தான் பாத்துட்டிருந்தாங்க அம்மிணி" என்றார். நானும் உள்ளே கூட்டத்தைக் கவனித்திருந்தேன். அவர் சொன்னது பொய்யில்லை.

அதற்குப் பிறகு ஆபத்து காரில் வந்தது. கரட்டில் நடந்ததை யாரோ போனில் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள், அது ஊர் ஊராகப் போய்விட்டது. வேண்டும் என்ற பக்கத்துத் தலைவர் ஒரு காலையில் ஆட்களோடு கரட்டடிக்கு வந்து, மாணவர்களைக் காப்பாற்றிய மாமனிதர் என்று சொல்லி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். விஷயம் தெரிந்து, வேண்டாம் என்ற பக்கத்துத் தலைவர் சாயங்காலமே வந்தார். ஏழை மக்களின் அச்சத்தை உலகுக்குச் சொன்னவர் என்று அவரும் ஒரு பொன்னாடை போர்த்தினார். இரண்டு பேரும் அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் நாங்கள் இருக்கிறோம், பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் அவரே கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "ரண்டு பொன்னாடைங்க அம்மிணி. ஒண்ணப் போத்துனா இன்னொருத்தருக்குத் தெரிஞ்சிரும். ரண்டையும் பீரோவுல வெச்சா ஏன் போத்துலைன்னு கேப்பாங்க. இத்தாம் பெரிய ஆளுங்க என்ற ஊட்டுக்கு வந்து செவுத்தத் தட்டிப் பாக்கறாங்கன்னா என்னமோ இருக்குதுங்க." நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன், ஒன்றும் ஆகாதுங்ணா, வெசனப்படாதீங்க என்று. என் குரலே எனக்கு நம்பும்படியாக இல்லை. அவர் டீயைப் பாதி குடித்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

பிறகு அவர் வேலைக்கு வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. சந்தைக்கூட்டத்துக்கு அறிவிப்பு ஒன்று இருந்தது, அவர் இல்லாமல் பென் டிரைவில் பழைய பாட்டைப் போட்டு, நடுநடுவே நானே சொல்லி ஓட்டினேன். மனது கேட்காமல் மத்தியானம் ஆட்டோவைக் கரட்டடிக்கு விட்டேன்.

வீட்டுக்கு மேலே அவர் உட்கார்ந்திருந்தார். நாற்காலியில் ஏறி பல்பு மாட்டப் பயப்படுகிற மனிதர், கூரைமேல் உட்கார்ந்துகொண்டு சிமெண்ட் ஷீட்டின் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பாதிக் கூரை கீழே இறங்கியிருந்தது. கதவும் ஜன்னலும் நிலையோடு பெயர்த்து எடுக்கப்பட்டு, வாசலில் நின்ற மினி லாரியில் ஏறியிருந்தன. அவர் மனைவி ஆடுகளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வேலிக்குப் பக்கத்தில் நின்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயத்தில் வந்த கோபம்தான். "என்னங்ணா இது கூத்து? யாரு உங்களப் போகச் சொன்னா?" என்று கீழே நின்று கத்தினேன்.

"யாரும் சொல்லலைங்க அம்மிணி."

"அப்பறம் எதுக்குங்க கூரையப் பிரிக்கறீங்க? நோட்டீஸ் வந்துச்சா? செவுரு விழுந்துச்சா? ஒண்ணுமே ஆகல. இன்னும் பத்து வருசத்துக்கு இவங்க பேசிட்டேதான் இருப்பாங்க."

அவர் ஆணியைப் பிடுங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்தார். "அந்தப் பத்து வருசத்தத்தான் என்னால தாங்க முடியாதுங்க. ஒரு நாள் எவனோ ஒருத்தன் வந்து போன்னு சொல்லுவான். அதக் கேட்டா நான் அங்கயே விழுந்துருவனுங்க. சொல்றதுக்கு முன்னால போயிட்டா, நானாப் போனதுங்க. என்னய யாரும் தொரத்துலைங்க."

அந்த அம்மாவிடம் போய், காதுக்குப் பக்கத்தில் வாய் வைத்து, நீங்களாவது சொல்லக்கூடாதா என்று கேட்டேன். பயமே தெரியாத அந்த அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சோறு எறங்கறதில்லைங்க அவருக்கு. தண்ணி குடிச்சாக்கூட நெஞ்சப் புடிச்சுக்கறாரு. எனக்கு இந்தக் கரட்ட உட்டுப் போக மனசே இல்லைங்க அம்மிணி. ஆனா ஊட்ட வெச்சுக்கிட்டு ஆள உட்டுட்டா நான் என்ன பண்றது?" நான் போய் ஷீட்டை இறக்க ஒரு கை கொடுத்தேன்.

அவர்கள் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. பட்டியல் வரவில்லை. வராது என்றும் யாரும் சொல்லவில்லை. வரைபடத்தை இதுவரை யாரும் பார்க்கவில்லை. குவாரி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்த வீட்டை யாரும் காலி செய்யச் சொல்லி வரவில்லை, அந்தச் சுவரும் விழவில்லை. கூரையில்லாமல், கதவில்லாமல், நாலு சுவர் மட்டும் வெயிலில் நிற்கிறது. மஞ்சள் எண்கள் மழையில் பாதி அழிந்துவிட்டன.

போன மாதம் மறுபடியும் பேச்சு கிளம்பியது. மறுபடியும் காலையில் ஒரு பேனர், சாயங்காலம் ஒரு பேனர். இந்த முறை இரண்டிலும் ஒரே படம், அந்த நாலு சுவர். 'குவாரி வெடியால் குடும்பமே நடுத்தெருவுக்கு வந்தது' என்று ஒன்றில் எழுதியிருந்தது. 'பட்டியல் என்ற பேச்சுக்கே பறிபோன ஏழையின் வீடு' என்று மற்றதில். இரண்டையும் என் ஆட்டோவில்தான் கட்டினார்கள். அவர் தானாகப் போனார் என்று நான் சொன்னால் இரண்டு பக்கமும் என்மேல் பாயும். நானும் பயந்துகொண்டு வாயைத் திறக்காமல் ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்து அவருக்குப் போன் செய்தேன். அபூர்வமாக எடுத்தார். படம் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். பின்னணியில் ஓர் ஆடு கத்தியது மட்டும் கேட்டது.

"என்ற பேரு போட்டிருக்காங்களா?" என்றார்.

"இல்லீங்ணா."

"எங்க போனம்னு போட்டிருக்காங்களா?"

"அதெல்லாம் யாருக்கும் தெரியாதுங்ணா."

"நீங்களும் யாருகிட்டயும் சொல்லீறாதீங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டு அவசரமாக வைத்துவிட்டார்.

அதனால்தான் இவ்வளவு எழுதியும் அவர் பெயரையும் அவர் இப்போது இருக்கிற ஊரையும் நான் எழுதவில்லை.